பி450 போர்டில் ரைசன் 5900எக்ஸ்: எடிட்டிங் கணினிக்கு பிராசசர் மாற்றும் முறை

ஏஎம்4 சாக்கெட் (ஏஎம்டி ரைசன் பிராசசரை மாட்டும் இடம்) உள்ள போர்டு வைத்திருப்பவர்களுக்கு ஒரு வசதி உண்டு. 2018-ல் ரைசன் 5 2600 போட்டு வாங்கிய பி450 போர்டிலேயே, 2020-ல் வெளிவந்த 5000 வரிசை பிராசசரை மாட்டலாம். 5900எக்ஸ் போட்டால், ஆறு கோர் இருந்த இடத்தில் பன்னிரண்டு கோர். போர்டு, ரேம், விண்டோஸ் எல்லாம் அப்படியே இருக்கும்.

காசை எடுக்கும் முன் சோதித்துப் பாருங்கள். டைம்லைன் திணறும்போதும் எக்ஸ்போர்ட் ஓடும்போதும் டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தைத் திறந்து வையுங்கள். சிபியு 90, 100 சதவீதத்திலேயே நின்றால் தடை பிராசசர்தான். ஜிபியு பகுதியில் வீடியோ டிகோட் மட்டும் நூறைத் தொட்டு, சிபியு பாதியில் சும்மா இருந்தால் புதிய பிராசசரால் பெரிய பலன் கிடைக்காது. 16 ஜிபி ரேம் நிரம்பி வழிந்தால் முதலில் 32 ஜிபி ஆக்குங்கள், செலவும் குறைவு.

கேமரா ஃபைலின் வகையும் முக்கியம். இப்போதைய சோனி, கேனான் கேமராக்கள் பலவற்றில் 10-பிட் 4:2:2 ஹெச்.265 (நிற விவரம் அதிகம் உள்ள, இறுக்கிச் சுருக்கிய வீடியோ வகை) பதிவு உண்டு. ஆர்டிஎக்ஸ் 50 வரிசைக்கு முந்தைய என்விடியா கார்டுகள் 4:2:2-ஐ டிகோட் செய்வதில்லை. மொத்தச் சுமையும் பிராசசர் தலையில் விழும். 5900எக்ஸ் இதைக் கொஞ்சம் சமாளிக்கும், ஆனால் வெட்டி ஒட்டும் வேலைக்கு ப்ராக்ஸி (எடிட்டிங்கின்போது மட்டும் பயன்படும் இலகுவான நகல் ஃபைல்) உருவாக்கிக்கொள்வதுதான் சரியான வழி. அதற்குக் காசே வேண்டாம்.

பிராசசர்தான் தடை என்று உறுதியானால், எதை வாங்குவது என்பதை போர்டு முடிவு செய்யட்டும். 5900எக்ஸ் பெட்டியில் 105 வாட் என்று இருந்தாலும் முழுச் சுமையில் 142 வாட் வரை இழுக்கும். சாக்கெட் அருகே மின்சாரம் வழங்கும் பகுதியின் மேல் ஹீட்சிங்க் (சூட்டை இறக்கும் உலோகத் துண்டு) இல்லாத மலிவு போர்டுக்கு அது ஆகாது. அந்தப் பகுதி சூடேறி வேகத்தைக் குறைத்துவிடும். அங்கே எட்டு கோர் 5700எக்ஸ் போடுங்கள், 76 வாட்டோடு நிற்கும். 5800எக்ஸ்3டி கேம் ஆடுபவர்களுக்கானது. இந்த மூன்றிலுமே பெட்டியில் கூலர் வராது, உள்ளே கிராஃபிக்ஸும் கிடையாது.

பலர் சறுக்கும் இடம் பயாஸ், அதாவது கணினியை எழுப்பும் போர்டின் உள் மென்பொருள். பழைய பிராசசர் மாட்டியிருக்கும்போதே பயாஸை அப்டேட் செய்ய வேண்டும். போர்டு நிறுவனத்தின் தளத்தில் உங்கள் மாடலின் சிபியு ஆதரவுப் பட்டியலில் எந்தப் பதிப்பு தேவை என்று இருக்கும். அந்த ஃபைலை ஃபேட்32 முறையில் ஃபார்மேட் செய்த பென்டிரைவில் போட்டு, யுபிஎஸ் இணைப்போடு அப்டேட் செய்யுங்கள். பாதியில் கரண்ட் போனால் போர்டு எழாமலே போகலாம். பிட்லாக்கர் (விண்டோஸின் டிஸ்க் பூட்டு) இருந்தால் அதை நிறுத்தி வைத்து, ரெகவரி கீயை வேறிடத்தில் எழுதி வையுங்கள்.

இனி கழற்றும் வேலை. ஏஎம்4-ல் 1,331 பின்களும் பிராசசரின் அடியில்தான் இருக்கின்றன. காய்ந்த தெர்மல் பேஸ்ட் கூலரோடு ஒட்டிக்கொண்டு, நேராகத் தூக்கினால் லீவர் பூட்டியிருந்தும் பிராசசர் பிய்த்துக்கொண்டு வந்துவிடும். பின்கள் வளைவது அப்போதுதான். அதனால் பத்து நிமிடம் ஏதாவது ரெண்டர் ஓடவிட்டுச் சூடாக்குங்கள். பிறகு கணினியை அணைத்து, மின் இணைப்பை எடுத்து, ஸ்க்ரூக்களைக் குறுக்கு மறுக்காகச் சிறிது சிறிதாகத் தளர்த்தி, கூலரை இடவலமாக மெதுவாகத் திருகுங்கள். பிடி விட்டதை உணர்ந்த பிறகே தூக்குங்கள். போர்டின் பின்பக்கத் தகடு கீழே விழாமல் ஒரு கையால் தாங்கிக்கொள்ளுங்கள்.

லீவரை உயர்த்தி, பழையதை எடுத்துவிட்டு, புதியதன் மூலையில் உள்ள தங்க முக்கோணத்தைச் சாக்கெட்டின் முக்கோணத்தோடு பொருத்துங்கள். தன் எடையிலேயே இறங்க வேண்டும். இறங்கவில்லை என்றால் அழுத்தாதீர்கள், எடுத்துப் பின்களைப் பாருங்கள். வளைந்த பின்னை மெல்லிய அட்டையால் நிமிர்த்தலாம். லீவரை மூடி, பட்டாணி அளவு பேஸ்ட் வைத்து கூலரை மாட்டுங்கள்.

முதல் முறை ஆன் செய்ததும் ஓரிரு நிமிடம் திரை கறுப்பாகவே இருக்கலாம். ரேமைச் சரிபார்க்கிறது, பதறி அணைக்காதீர்கள். புதிய சிபியு மாட்டப்பட்டுள்ளது, எஃப்டிபிஎம்-ஐ (பூட்டுச் சாவிகளைக் காக்கும் பாதுகாப்புப் பகுதி) ரீசெட் செய்யவா என்று கேட்டால், பிட்லாக்கர் ரெகவரி கீ கையில் இருக்கும் தைரியத்தில் ஒய் அழுத்துங்கள். பயாஸ் அப்டேட்டில் எக்ஸ்எம்பி (ரேமை அதன் முழு வேகத்தில் ஓட்டும் அமைப்பு) அணைந்திருக்கும், திரும்ப ஆன் செய்யுங்கள். இதை மறந்தால் 3200 ரேம் 2133-லோ 2400-லோ ஓடி, கொடுத்த காசில் ஒரு பங்கு வீணாகும்.

கடைசியாக சினிபெஞ்ச் ஆர்23 என்ற சோதனை மென்பொருளைப் பத்து நிமிடம் ஓட்டி, ஹெச்டபிள்யூஇன்ஃபோ என்ற கண்காணிப்பு மென்பொருளில் வெப்பத்தைக் கவனியுங்கள். 5900எக்ஸின் எல்லை 90 டிகிரி. ஓரிரு நொடியிலேயே அங்கே போய் ஒட்டிக்கொண்டால் கூலர் சரியாக உட்காரவில்லை, அல்லது அடியில் இருந்த பிளாஸ்டிக் தாளை உரிக்காமல் மாட்டியிருக்கிறீர்கள்.