ஒரு செம்பனை நிரை, மூன்று பாடங்கள்: படிவம் 5 உயிரியலுக்குத் தோட்டத்திலேயே செய்முறை

செம்பனை மரத்தடியில் உதிரிப்பழம் தானாக முளைத்துக் கன்று கன்றாக நிற்கும். அதைப் பெயர்த்து நடுவார் யாருமில்லை. மருந்தடித்து அழித்துவிடுவார்கள். தாய்மரம் எவ்வளவு நன்றாகக் காய்த்தாலும் இதே கதிதான். ஏன் என்று விளக்க வேண்டுமானால் படிவம் 5 உயிரியலில் மூன்று பாடங்கள் வேண்டும்: பூக்கும் தாவரங்களின் இனப்பெருக்கம் (பாடம் 6), எக்கோசிஸ்தெம் எனப்படும் சூழல் தொகுதி (பாடம் 9), பெவாரிசான் எனப்படும் மரபு வழி (பாடம் 11). இந்த மூன்றையும் வெவ்வேறு மாதங்களில், வெவ்வேறு குறிப்பேட்டில் படிப்பதால்தான் பலருக்கு ஒன்றோடொன்று ஒட்டுவதில்லை. மலேசியாவின் கோல சிலாங்கூரில் தென்னமாரம் தோட்டத்தில் 1917இல் வணிகத்துக்காக நடத் தொடங்கிய மரம் இது. இன்று தோட்டப்புற ஊர் எதிலும் வீட்டு வாசலிலிருந்து பார்த்தாலே தெரிகிறது. அதையே ஆய்வுக்கூடமாக வைத்துக்கொள்வோம்.

போவதற்கு முன்: தோட்ட அலுவலகத்தில் கிராணியிடமோ மண்டோரிடமோ சொல்லி அனுமதி வாங்குங்கள். அந்த வாரம் எந்த நிரையில் மருந்தடித்தார்கள் என்பதையும் கேளுங்கள். அங்கே போகக்கூடாது, உடம்புக்கும் கேடு, கணக்கும் தப்பும். குலை வெட்டும் நிரைப்பக்கமும் வேண்டாம். நீளக்கை சட்டை, முழங்கால் வரை பூட்ஸ், கையுறை கட்டாயம். மட்டை அடுக்குகளில் பாம்பு படுத்திருக்கும்.

குவாட்ராட் போடுவது

குவாட்ராட் என்பது தரையில் வைத்துச் செடிகளை எண்ண உதவும் சதுரச் சட்டம். அரை அங்குல பி.வி.சி. குழாயில் ஒரு மீட்டருக்குச் சற்றுக் குறைவான நான்கு துண்டுகள், நான்கு முழங்கை இணைப்புகள். பசை போடாமல் பொருத்துங்கள்; கழற்றி மோட்டார் சைக்கிளில் கொண்டுபோகலாம். அளவு முக்கியம்: சட்டத்தின் உள்விளிம்பிலிருந்து உள்விளிம்புக்குச் சரியாக 1 மீட்டர் வர வேண்டும். இணைப்பு கொஞ்சம் நீளத்தைச் சேர்க்கும் என்பதால், பொருத்தி அளந்த பிறகே குழாயை வெட்டிச் சரிசெய்யுங்கள். பிறகு 10 சென்டிமீட்டருக்கு ஒரு நைலான் கயிறாகக் குறுக்கும் நெடுக்கும் கட்டினால் 100 சிறு கட்டங்கள். ஒரு கட்டம் ஒரு விழுக்காடு.

1. 20 மீட்டருக்கு 20 மீட்டர் இடத்தைக் கயிறு கட்டிப் பிரியுங்கள். முக்கோண முறையில் 9 மீட்டர் இடைவெளியில் நட்ட தோட்டமானால் உள்ளே ஐந்தாறு மரங்கள் வரும்.

2. சட்டத்தைத் தோளுக்குப் பின்னால் வீசாதீர்கள். பாடப்பயிற்சிகளில் அப்படிச் சொல்வதுண்டு, ஆனால் கை தன்னையறியாமல் செடி நிறைந்த பக்கமாகவே வீசும். கணிப்பானில் உள்ள குறிப்பிலா எண் விசையை அழுத்தி இரண்டு எண் எடுங்கள். ஒன்று நீளவாக்கு, மற்றொன்று அகலவாக்கு. அந்தப் புள்ளியில் சட்டத்தின் இடது கீழ் மூலையை வையுங்கள்.

3. பத்துமுறை வையுங்கள். சட்டத்தின் மேல்விளிம்பையும் இடது விளிம்பையும் தொடும் செடிகளை எண்ணுங்கள். மற்ற இரு விளிம்புகளைத் தொடுவதை விட்டுவிடுங்கள். எல்லா விளிம்பையும் எண்ணினால் அடர்த்தி கூடிக் காட்டும்.

4. தொட்டாற்சுருங்கி போலத் தனித்தனியாக எண்ண முடிவதை எண்ணிக்கையாக எழுதுங்கள். படர்புல்லை எண்ணவே முடியாது; எத்தனை கட்டத்தை மூடியிருக்கிறது என்று மட்டும் பாருங்கள். பாதிக்கு மேல் மூடிய கட்டம் ஒன்று, பாதிக்குக் குறைந்தது பூஜ்யம்.

தொட்டாற்சுருங்கிக்கு வந்த எண்கள் 0, 3, 5, 0, 2, 4, 0, 6, 1, 3 என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 24. அதைப் பத்துச் சட்டங்களின் பரப்பான 10 சதுர மீட்டரால் வகுத்தால் கெபாடாத்தான், அதாவது அடர்த்தி: சதுர மீட்டருக்கு 2.4. பத்தில் 7 சட்டத்தில் இருந்தது, எனவே கெக்கெராப்பான், அதாவது நிகழ்வெண், 70 விழுக்காடு. இந்த இரண்டையும் மாற்றி எழுதுவது மிகச் சாதாரணமான பிழை. ஒன்று எத்தனை செடி, மற்றொன்று எத்தனை இடத்தில். ஒரே மூலையில் இருநூறு செடி குவிந்திருந்தால் அடர்த்தி அதிகமாகவும் நிகழ்வெண் குறைவாகவும் வரும்.

சரி, எண்ணி என்ன கண்டோம்? மரத்தைச் சுற்றிச் சுத்தமாக வைத்திருக்கும் வட்டத்தையும், வெட்டிய மட்டைகளை அடுக்கும் வரிசையையும் தனித்தனியாக அளந்து ஒப்பிட்டால்தான் கேள்வி பிறக்கும். மட்டை அடுக்கின் கீழே மண் ஈரமாக இருக்கும். அதைச் சோதிக்க இரண்டு இடத்திலிருந்தும் 20 கிராம் மண் எடுத்து, 105 பாகை செல்சியஸில் எடை மாறாமல் நிற்கும் வரை உலர்த்துங்கள். 20 கிராம் 16.4 ஆனால் ஈரம் 18 விழுக்காடு. ஒரே ஒருமுறை எடைபோட்டுவிட்டு நிறுத்திக்கொள்ளாதீர்கள். இரண்டு நிறுவைகள் ஒத்துவந்தால்தான் உலர்ந்ததாகப் பொருள்.

நத்தை போன்ற நடமாடும் உயிருக்குச் சட்டம் உதவாது. பிடித்து, குறியிட்டு, விட்டு, மறுபடி பிடிக்கும் முறை வேண்டும். முதலில் 30 நத்தையைப் பிடித்து ஓட்டின் அடிப்பக்கத்தில் ஒரு சொட்டு நகப்பூச்சு. சிவப்பு வேண்டாம், பறவை கண்டுவிடும். இரண்டு நாள் கழித்து 25 பிடிக்கிறீர்கள், அதில் 6 குறியிட்டவை. 30 × 25 ÷ 6 = 125. குறி உரிந்துபோனால் 6 குறையும், விடை வீங்கும். நத்தைக்கு எலி வழியாக வரும் ஒட்டுண்ணிப் புழு இருக்கக்கூடும். கையுறை இல்லாமல் தொடாதீர்கள்.

உணவு வலை

அம்புக்குறி எந்தப் பக்கம் என்பதில் தடுமாறாதவர் குறைவு. சக்தி போகும் பக்கம் அம்பு. எலி பழத்தைத் தின்கிறது, எனவே பழத்திலிருந்து எலிக்கு. எலியிலிருந்து கூகைக்கும் நாகத்துக்கும். தோட்டத்தில் கம்பத்தில் மாட்டியிருக்கும் மரப்பெட்டி கூகைக்குக் கட்டிய வீடுதான். எலி மருந்துக்குப் பதிலாக அதை வேலைக்கு வைத்திருக்கிறார்கள்.

உயிரிகளுக்கிடையே உள்ள உறவுக்கு மனப்பாட எடுத்துக்காட்டு வேண்டியதில்லை. மரத்தண்டில் தொங்கும் பெரணிக்கு இடம் கிடைக்கிறது, மரத்துக்கு நட்டமில்லை: உடனுண்ணல். மரத்தடியில் தட்டுத்தட்டாக முளைக்கும் கானோடெர்மா பூஞ்சை மரத்தின் அடியை உளுக்கவைக்கிறது: ஒட்டுண்ணி வாழ்க்கை. இளம் செம்பனைக்கு இடையில் மூடுபயிராகப் படரும் அவரைக் குடும்பக் கொடியைப் பிடுங்கி வேரைப் பாருங்கள், சிறு முடிச்சுகள் தெரியும். ஒன்றை நகத்தால் கிள்ளுங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் ரைசோபியம் பாக்டீரியா வேலைசெய்து காற்றின் நைட்ரஜனைப் பிடிக்கிறது. வெளுத்தோ பச்சையாகவோ இருந்தால் வேலை நடக்கவில்லை. வேரைக் கொடியோடு இழுக்காமல் மண்ணைத் தோண்டி எடுங்கள், இல்லாவிட்டால் முடிச்சு மண்ணிலேயே தங்கிவிடும்.

பூவும் வண்டும்

செம்பனையில் ஆண் பூங்கொத்தும் பெண் பூங்கொத்தும் ஒரே மரத்தில், ஆனால் வெவ்வேறு காலத்தில் வரும். ஆண் கொத்து விரல் விரலாக நிற்கும். மலர்ந்தால் சோம்பு வாசம் அடிக்கும். பக்கத்தில் போய்ப் பாருங்கள், கறுப்பாகச் சிறு மூக்கு வண்டுகள் மொய்த்திருக்கும். பெயர் எலெயிடோபியஸ் கமெருனிக்கஸ், சொந்த ஊர் மேற்கு ஆப்பிரிக்காவின் கேமரூன். 1981இல்தான் மலேசியாவுக்குக் கொண்டுவந்து விட்டார்கள். அதற்கு முன் தொழிலாளர்கள் மகரந்தத்தை டால்கம் தூளுடன் கலந்து பெண் பூங்கொத்தின் மேல் ஊதிக்கொண்டிருந்தார்கள்.

வண்டு ஆண் பூவில் தின்று, அங்கேயே முட்டையிடுகிறது. பெண் பூவும் லேசாக அதே வாசத்தை விடும். ஏமாந்து வருகிற வண்டு உடம்பில் ஒட்டிய மகரந்தத்தை உதிர்த்துவிட்டுப் போகிறது. பெண் பூவின் சூலக முடி வெளிர்மஞ்சளாக இருக்கும் இரண்டு மூன்று நாள்தான் மகரந்தத்தை ஏற்கும், பிறகு சிவந்துவிடும். உதிர்ந்த ஆண் பூவில் இருக்கும் வண்டுப் புழுவை எலி தின்னும். ஆக எலி பழத்தையும் கெடுக்கிறது, பழம் பிடிக்கவைக்கும் வண்டையும் குறைக்கிறது. உணவு வலையில் இந்த அம்பையும் போடுங்கள்.

மகரந்தக் குழாய் முளைப்பதைப் பார்க்க வாசலில் வளரும் காசித்தும்பையே எளிது. 10 கிராம் சீனியைக் கொஞ்சம் காய்ச்சி வடித்த நீரில் கரைத்து, மொத்தம் 100 மில்லி ஆகும்படி நீர் சேருங்கள். 100 மில்லி நீரில் 10 கிராமைக் கொட்டினால் அளவு தவறும். இதற்கு 0.01 விழுக்காடு போரிக் அமிலமும் வேண்டும். அவ்வளவு சிறிய அளவைப் பள்ளித் தராசு காட்டாது. சீனிக்கரைசலை ஒரு லிட்டராகச் செய்து 0.1 கிராம் போடுங்கள். குழிவுக் கண்ணாடித்துண்டில் ஒரு சொட்டு விட்டு, காலையில் அன்று மலர்ந்த பூவின் மகரந்தத்தைத் தூவி, மேலே மூடி, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை நுண்ணோக்கியில் பாருங்கள். பெரும்பாலும் அரைமணிக்குள் குழாய் நீளும்.

மகரந்தம் வெடித்துப்போனால் கரைசல் நீர்த்திருக்கிறது. ஊடுபரவலால் நீர் உள்ளே போய்விட்டது. ஒன்றுமே நீளவில்லை, சுருங்கியிருக்கிறது என்றால் சீனி கூடிவிட்டது. இரண்டுமில்லாமல் சும்மா கிடந்தால் பூ பழசு. அடர்த்தியாகத் தூவினால் எந்தக் குழாய் எதனுடையது என்றே தெரியாது. ஊசிமுனையில் தொட்டு எடுத்தால் போதும்.

பழத்தை வெட்டுங்கள்

மூன்று உதிரிப்பழம் கேட்டு வாங்குங்கள். பலகையில் வைத்து, கத்தியைக் குறுக்கே பதித்து, முதுகில் சுத்தியலால் தட்டினால் பிளக்கும். கையில் பிடித்து ஓங்கி வெட்டாதீர்கள். கத்தி ஓட்டில் பட்டு வழுக்கிவிடும். பெரியவர் ஒருவர் செய்தால் நல்லது.

வெளியே எண்ணெய்ச் சதை, அதன் உட்புறம் ஓட்டை ஒட்டிக் கறுப்புப் புள்ளிகளாக நார் வளையம், பிறகு ஓடு, நடுவில் பருப்பு. இப்போது இனப்பெருக்கப் பாடத்தின் இரட்டைக் கருவுறுதலை இதன்மேல் வையுங்கள். ஒரு ஆண் கரு முட்டையுடன் சேர்ந்து இரட்டைக் குரோமோசோம் தொகுதி கொண்ட முளைக்கரு. இன்னொன்று இரு துருவக் கருக்களுடன் சேர்ந்து மூன்று தொகுதி கொண்ட முளைசூழ்தசை. வெள்ளைப் பருப்பில் பெரும்பகுதி அதுதான். சதையும் ஓடும்? அவை சூற்பைச் சுவரிலிருந்து வந்தவை. அதாவது தாயின் உடம்பு. தந்தை மரத்தின் மரபணு அவற்றில் இல்லை. இந்த ஒரு வரியை விட்டவர்களுக்கு அடுத்த பகுதி முழுக்கத் தப்பும்.

ஓடும் மரபணுவும்

ஓட்டின் தடிமன் ஒரே மரபணுவின் ஆட்டம் என்று 1941இல் பெல்ஜியக் காங்கோவில் பெயர்நார்ட், வாண்டர்வெயன் இருவரும் காட்டினார்கள். அந்த மரபணுவையே 2013இல் மலேசிய செம்பனை எண்ணெய் வாரிய ஆய்வாளர்கள் அமெரிக்க ஆய்வாளர்களுடன் சேர்ந்து கண்டுபிடித்தார்கள்.

ஒரே மரபணுவின் மாற்று வடிவங்களை அல்லீல் என்பார்கள். ஓடு தரும் அல்லீலுக்கு நெடில் ஓ, ஓடு தராததற்குக் குறில் ஒ என்று வைத்துக்கொள்வோம். ஓஓ தூரா: தடித்த ஓடு. ஒஒ பிசிஃபேரா: ஓடே இல்லை; இது பெரும்பாலும் தானே காய்பிடிக்காது. ஓஒ தெனெரா: மெல்லிய ஓடு, நார் வளையம், சதை அதிகம். தோட்டத்தில் நட்டிருப்பது தெனெரா. தேர்வில் ஆங்கில எழுத்துதான் எழுதுவீர்கள். பெரிய வடிவும் சிறிய வடிவும் ஒரே உருவில் இருக்கும் எழுத்தைத் தவிருங்கள், திருத்துபவருக்குக் குழம்பும்.

விதை தயாரிக்கும் இடத்தில் தூராவைத் தாயாகவும் பிசிஃபேராவைத் தந்தையாகவும் வைப்பார்கள். தாய் ஓ மட்டும் தரும், தந்தை ஒ மட்டும் தரும், எல்லாமே ஓஒ. இடையில் மூக்கு வண்டு வேறு மகரந்தம் கொண்டுவராமலிருக்கப் பெண் பூங்கொத்துக்கு முன்கூட்டியே பை கட்டிவிடுவார்கள்.

நம் மரத்தடிக் கன்றுக்கோ தாயும் தெனெரா, வண்டு கொண்டுவந்த மகரந்தமும் தெனெரா. இதைப் பொத்தானால் செய்து பாருங்கள். இரண்டு பைகள், ஒவ்வொன்றிலும் 20 சிவப்பு (ஓ), 20 வெள்ளை (ஒ). பார்க்காமல் பைக்கு ஒன்றாக எடுத்து, ஜோடியை எழுதி, எடுத்த பைக்கே திருப்பிப் போட்டுக் குலுக்குங்கள். திருப்பிப் போடாவிட்டால் வாய்ப்பு ஒவ்வொரு முறையும் மாறிவிடும். 40 முறை. ஓஓ, ஓஒ, ஒஒ என்ற வரிசையில் எதிர்பார்ப்பது 10 : 20 : 10. உங்களுக்கு 7 : 24 : 9 வரலாம், அது பிழையல்ல, எண்ணைத் திருத்தி எழுதுவதுதான் பிழை. மெண்டலே பட்டாணியில் 5,474 உருண்டை, 1,850 சுருங்கல் எண்ணித்தான் 3 : 1க்குப் பதில் 2.96 : 1 பெற்றார்.

ஆக நாலில் ஒரு கன்று தூரா, ஒன்று பிசிஃபேரா; பாதி வீண். நட்டு இரண்டரை, மூன்று ஆண்டு கழித்துக் காய்த்த பிறகுதான் கண்ணுக்குத் தெரியும். இப்போது முன்பு சொன்னதை நினைவுபடுத்துங்கள்: அந்தத் தெனெரா தாய்மரத்தின் குலையில் எந்தப் பழத்தை வெட்டினாலும் மெல்லிய ஓடுதான். ஓடு தாயுடையது. 1 : 2 : 1 பிரிவது உள்ளே இருக்கும் முளைக்கருவில். பழத்தைப் பார்த்துக் கன்றைத் தேர்ந்தெடுக்க வழியில்லை. இலையிலிருந்து மரபணுச் சோதனை செய்தால்தான் உண்டு.

விடைத்தாளில் வரிசை: பெற்றோர் தோற்றவமைப்பு, மரபணுவமைப்பு, ஒடுக்கற்பிரிவு, வட்டமிட்ட பாலணுக்கள், கருவுறுதல், சேயின் மரபணுவமைப்பு, தோற்றவமைப்பு, விகிதம். வட்டம் போட மறப்பவர்கள் அதிகம். கேள்வி குலையில் உள்ள பழத்தைப் பற்றியதா, அந்தப் பழத்தின் விதையிலிருந்து வளரும் மரத்தைப் பற்றியதா என்று அடிக்கோடிட்ட பிறகு கட்டம் வரையத் தொடங்குங்கள்.