சுவரில் அச்சுத்தகடு ஓவியம்: மை வழியாமல் இருக்க

தெரு ஓவியர்கள் அச்சுத்தகட்டை (ஸ்டென்சில்: உருவத்தை வெட்டியெடுத்த தாள்; சுவரில் வைத்து அதன்மேல் மை அடித்தால் உருவம் பதியும்) நாடியதற்கு முதல் காரணம் அழகல்ல, அவசரம். பிரெஞ்சுத் தெரு ஓவியர் பிளெக் லெ ரா 1981இல் பாரிஸ் சுவர்களில் எலிகளைப் பதித்தது இப்படித்தான். வெட்டும் வேலை வீட்டிலேயே முடிந்துவிடுவதால், சுவரருகே நிற்பது சில நிமிடங்கள்தான். போலீசுக்குப் பயந்து லாரிக்கடியில் பதுங்கியபோது, அதன் அடியில் அச்சிட்டிருந்த எழுத்துகளைப் பார்த்துத்தான் தனக்கு இந்த யோசனை வந்ததாக பிரிட்டிஷ் தெரு ஓவியர் பேங்க்ஸி சொல்லியிருக்கிறார். நீங்கள் பதுங்க வேண்டாம். சுவரின் உரிமையாளரிடம் அனுமதி வாங்கிவிடுங்கள்.

வெட்டும்போது பலரும் சறுக்குவது ஓரிடத்தில்தான். ‘ட’, ‘ப’ போன்ற எழுத்துகள் தொல்லை தராது. ‘வ’ எழுத்தைச் சுற்றி வெட்டினால் சுழியின் நடுத்துண்டு கழன்று விழுந்துவிடும். அதைச் சுற்றியுள்ள தாளோடு பிணைக்க, அரை சென்டிமீட்டர் அகலத்தில் ஒரு பாலத்தை வெட்டாமல் விடுங்கள். என் முதல் தகட்டில் முகத்தின் இரு கண்களும் இப்படித்தான் காணாமல் போயின!

ஸ்பிரே டப்பாவை ஓரிரு நிமிடம் நன்றாகக் குலுக்குங்கள். சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி, நேர் எதிரே பிடியுங்கள். சாய்த்தால் மை தகட்டின் விளிம்புக்கடியில் புகுந்துவிடும். ஒரேயடியாக அடிக்காமல் மெல்லிய பூச்சாக இரண்டு மூன்று முறை, கையை நகர்த்தியபடியே அடியுங்கள். முகக்கவசம் அவசியம். முடித்ததும் டப்பாவைத் தலைகீழாகப் பிடித்து, வெறும் காற்று வரும்வரை அழுத்தினால் டப்பாவின் மூக்கு அடைக்காது.