நுனியை மட்டும் பார்த்துப் பனியாற்றை எடைபோடாதீர்கள்

பனியாறு என்பது மலைச்சரிவில் மெல்ல நகர்ந்து இறங்கும் பெரும் பனிக்கட்டித் திரள். இமயத்தில் உள்ள கங்கோத்ரி பனியாற்றின் நீளம் சுமார் 30 கிலோமீட்டர். அதன் நுனியான கோமுக்கிலிருந்துதான் கங்கையின் மூல நதியான பாகீரதி புறப்படுகிறது. நுனி பின்வாங்கினால் செய்தி வருகிறது. ஓரிரு வருடம் அசையாமல் நின்றால் ‘பனியாறு தப்பிவிட்டது’ என்று பேச்சு கிளம்புகிறது. அவ்வளவு பெரிய பனியாறு வெப்பத்துக்கு ஈடுகொடுத்துத் தன் நீளத்தை மாற்றிக்கொள்ளப் பல பத்தாண்டுகள் ஆகும். நுனியில் இன்று தெரிவது பெரும்பாலும் பழைய வெப்பத்தின் விளைவு. இன்றைக்கே வெப்பநிலை உயர்வு நின்றாலும் கோமுக் இன்னும் பல காலம் பின்வாங்கத்தான் செய்யும்.

அப்படியானால் எதைப் பார்ப்பது? வரவு செலவைத்தான். இமாச்சலத்தின் சோட்டா ஷிக்ரி பனியாற்றில் 2002 முதல் இந்தக் கணக்கை எடுக்கிறார்கள். பனிக்கட்டியில் ஆழமாகத் துளைபோட்டு மூங்கில் கழிகளை இறக்குவார்கள். கோடை முடிந்து போய்ப் பார்த்தால் கழி எவ்வளவு கூடுதலாக வெளியே நிற்கிறதோ, அவ்வளவு பனி அங்கே கரைந்திருக்கிறது. மேலே பனி சேரும் பகுதியில் குழி வெட்டி, அந்த வருடம் சேர்ந்ததையும் அளப்பார்கள். சேர்ந்ததைவிடக் கரைந்தது அதிகம் என்றால், நுனி அசையாவிட்டாலும் பனியாறு மெலிகிறது என்று அர்த்தம்.

கல்லும் மண்ணும் மூடிய பனியாறுகளில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். மெல்லிய தூசிப் படலம் வெயிலை இழுத்துக் கரைவதை வேகப்படுத்தும். அதே கற்குவியல் கனமாக இருந்தால் வெயிலைத் தடுக்கும். எவரெஸ்ட் அடிவாரத்துக் கும்பு பனியாற்றின் கீழ்ப்பகுதி இப்படித்தான் மூடிக் கிடக்கிறது. நுனி பெரிதாக நகராது. ஆனால் இடையிடையே தெரியும் பனிச்சுவர்களிலும் சிறு குட்டைகளிலும் கரைந்து, உயரம் குறைந்துகொண்டே வருகிறது.

இமயப் பனியாறுகள் 2035-க்குள் மறைந்துவிடும் என்று ஐ.நா.வின் காலநிலை மாற்றக் குழுவான ஐபிசிசியின் 2007 அறிக்கை சொன்னது தவறு; 2010-இல் அதை அவர்களே ஒப்புக்கொண்டார்கள். அதை வைத்து எல்லாமே புரளி என்பது அதைவிடப் பெரிய தவறு. இமயத்தின் வடமேற்கே உள்ள காரகோர மலைத்தொடரில் பல பனியாறுகள் நீண்ட காலம் நிலையாக இருந்ததைக் காட்டி இமயம் முழுக்கப் பிரச்சினை இல்லை என்பதும் அப்படியே. அங்கே குளிர்காலத்தில் மேற்கிலிருந்து வரும் காற்று நிறையப் பனி பொழிகிறது. இமயத்தின் கிழக்கிலோ கோடைப் பருவமழைக் காலத்தில்தான் பனி சேர்கிறது. வெப்பம் கொஞ்சம் கூடினாலும் பனிக்குப் பதில் மழையே பெய்துவிடும்.

அப்புறம், ஆற்றில் தண்ணீர் கூடுவதை நல்ல சேதியாக எடுத்துக்கொள்ள வேண்டாம். கரைவு அதிகமாகும்போது முதலில் வரத்து கூடும். பனி சிறுத்தபின் குறையும். அதற்காகக் கங்கையே வற்றிவிடும் என்பதும் சரியில்லை. சமவெளியில் கங்கையை நிரப்புவது பெரும்பாலும் மழைதான். சிந்து நதிதான் உருகும் பனியை மிக அதிகமாக நம்பியிருக்கிறது.

நுனியைப் பார்க்கவே கூடாது என்பதில்லை. அதன் முன்னால் ஏரி வளர்கிறதா என்று கட்டாயம் பார்க்க வேண்டும். சிக்கிமின் தெற்கு லோனாக் ஏரி பனியாறு பின்வாங்கப் பின்வாங்கப் பெரிதானது. 2023 அக்டோபரில் அது உடைந்து, சுங்தாங்கில் இருந்த தீஸ்தா-3 அணையையே அடித்துக்கொண்டு போனது.