பழைய ஸ்பீக்கர் ஐசியில் ஒரு கிட்டார் ஆம்ப்: முதல்முறை செய்பவர்களுக்கு

பழைய கம்ப்யூட்டர் ஸ்பீக்கர் செட், பாடாத மியூசிக் சிஸ்டம், லேப்டாப் போன பிறகும் மிச்சமிருக்கும் அடாப்டர். இவை கையில் இருந்தால் கிட்டார் ஆம்ப்பின் முக்கால் பங்கு தயார். எலெக்ட்ரிக் கிட்டாரை நேராகக் கம்ப்யூட்டர் ஸ்பீக்கரில் செருகிப் பார்த்தவர்களுக்கு அது எப்படி மந்தமாக ஒலிக்கும் என்று தெரியும். குறை ஸ்பீக்கரில் இல்லை. கிட்டாரின் தந்திகளுக்குக் கீழே இருக்கும் பிக்கப் என்பது காந்தத்தைச் சுற்றி ஆயிரக்கணக்கான சுற்று மெல்லிய கம்பி. அது செருகப்படும் இடத்தின் மின்தடை குறைவாக இருந்தால் சத்தமும் குறையும், ட்ரெபிளும் அமுங்கிப்போகும். சாதாரண ஆடியோ ஆம்ப்பின் இன்புட் சில பத்து கிலோ ஓம்தான். கிட்டாருக்கு 1 மெகா ஓம் வேண்டும். அதற்காக ஒரு சின்ன ப்ரீஆம்ப்பை, அதாவது பவர் ஆம்ப்புக்கு முன்னால் நிற்கும் சிறு பெருக்கியை, புதிதாகச் செய்கிறோம். மீதியெல்லாம் பெரும்பாலும் பழசு.

முதலில் கரண்ட்

கிட்டாரின் தந்திகள் ஜாக் வழியாக ஆம்ப்பின் கிரவுண்டோடு இணைந்தவை. வாசிப்பவர் கை எப்போதும் அந்தக் கிரவுண்டில்தான் இருக்கிறது. அதனால் மெயின்ஸ் கரண்டை நாம் தொடவே போவதில்லை. உறை உடையாத, ஒயர் பிய்யாத 19 வோல்ட் லேப்டாப் அடாப்டர் போதும். அடாப்டரையோ டிவியின் பவர் சப்ளையையோ பிரிக்க வேண்டாம். 230 வோல்ட் லைனில் ஓடும் சப்ளையின் உள்ளே இருக்கும் பெரிய கப்பாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் நிற்கும், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் சில சமயம் மிச்சமிருக்கும்.

எதைக் கழட்டலாம், எதை விடலாம்

ஸ்பீக்கர் செட்டின் போர்டில் ஹீட் சிங்க்கோடு (சூட்டை வெளியேற்றும் உலோகத் துண்டு) திருகப்பட்ட ஐந்து கால் ஐசி இருக்கிறதா பாருங்கள். டி.டி.ஏ 2030 என்று எழுதியிருந்தால் அதுதான் நமக்கு வேண்டியது. காலில் கொஞ்சம் புது ஈயம் சேர்த்து, ஐந்தையும் ஒன்றாகச் சூடாக்கி இழுத்தால் சுலபமாக வரும். ஹீட் சிங்க்கையும் எடுத்துக்கொள்ளுங்கள்.

மியூசிக் சிஸ்டத்தில் இருந்து காகிதக் கூம்பு உள்ள பெரிய ஸ்பீக்கர் மட்டும் போதும். கீச்சொலிக்கான சின்ன ஸ்பீக்கரான ட்வீட்டர் வேண்டாம், கிட்டார் ஸ்பீக்கர்கள் 5 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் பெரிதாகப் பாடுவதில்லை, ட்வீட்டர் சேர்ந்தால் ஓவர்லோடு சத்தம் காதைக் கீறும். மல்டிமீட்டரில் 3.5 ஓம் பக்கம் காட்டினால் அது 4 ஓம் ஸ்பீக்கர், 6 அல்லது 7 காட்டினால் 8 ஓம். கூம்பை விரல்களால் சமமாக அழுத்துங்கள். உரசல் கேட்டால் வேறு தேடுங்கள்.

ரெசிஸ்டர்களை அளந்து பார்த்துப் பயன்படுத்தலாம். எலெக்ட்ரோலிட்டிக் கப்பாசிட்டரும் வால்யூம் கண்ட்ரோலும் மட்டும் புதிதாக வாங்குங்கள். பழைய கப்பாசிட்டர் உள்ளே காய்ந்திருக்கும், வெளியே தெரியாது. இதில் மிச்சம் பிடிக்கப் போனால் பிறகு இரைச்சலைத் தேடியே நாள் போய்விடும்.

பவர் ஆம்ப்

டாட் போர்டில் (ஈயம் வைக்க வரிசையாகத் துளைகள் உள்ள போர்டு) இதை முதலில் முடியுங்கள். எழுத்து நம்மைப் பார்க்க, கால்கள் கீழே இருக்க, இடமிருந்து எண்ணினால் 1 இன்புட், 2 ஃபீட்பேக், 3 கிரவுண்டு, 4 அவுட்புட், 5 ப்ளஸ்.

1. ப்ளஸ்ஸுக்கும் கிரவுண்டுக்கும் நடுவே இரண்டு 100 கிலோ ஓம் ரெசிஸ்டர்களைத் தொடராக வையுங்கள். அவை சேரும் புள்ளியில் இருந்து கிரவுண்டுக்கு 22 மைக்ரோஃபாரட். அதே புள்ளியில் இருந்து 1ஆம் காலுக்கு இன்னொரு 100 கிலோ ஓம்.
2. 4இல் இருந்து 2க்கு 150 கிலோ ஓம். 2இல் இருந்து 4.7 கிலோ ஓம், அதோடு தொடராக 10 மைக்ரோஃபாரட், பிறகு கிரவுண்டு. கப்பாசிட்டரின் ப்ளஸ் முனை 2ஆம் கால் பக்கம். இப்போது சிக்னல் சுமார் 33 மடங்கு பெருகும்.
3. 4இல் இருந்து கிரவுண்டுக்கு 1 ஓமும் 0.22 மைக்ரோஃபாரட்டும் தொடராக. இதை விட்டுவிட்டால் ஐசி நம் காதுக்கு எட்டாத அதிர்வெண்ணில் ஊசலாடி, சும்மாவே கொதிக்கும்.
4. 5க்கும் 3க்கும் இடையே, கால்களை ஒட்டியே 0.1 மைக்ரோஃபாரட், பக்கத்தில் 1000 மைக்ரோஃபாரட்.
5. 4இல் இருந்து 1000 மைக்ரோஃபாரட் வழியாக ஸ்பீக்கர், கப்பாசிட்டரின் ப்ளஸ் முனை ஐசி பக்கம். ஸ்பீக்கரின் மறு முனை கிரவுண்டு. 4 ஓம் ஸ்பீக்கரில் இது 40 ஹெர்ட்ஸ் வரை இறங்கும். தடித்த ஆறாவது தந்தியே 82 ஹெர்ட்ஸ்தான், ஆகவே தாராளம்.

ஹீட் சிங்க்கில் திருகும் உலோகப் பகுதி உள்ளே 3ஆம் காலோடு இணைந்தது. இங்கே 3 என்பது கிரவுண்டு, அதனால் நடுவே மின்சாரம் கடத்தாத மைக்காத் தகடு தேவையில்லை.

சோதனை

ஸ்பீக்கரை இணைக்காமல், அடாப்டரின் ப்ளஸ்ஸோடு 100 ஓம், 5 வாட் ரெசிஸ்டரைத் தொடராக வைத்து ஆன் செய்யுங்கள். எங்காவது ஷார்ட் இருந்தாலும் ஐசி தப்பிக்கும். கிரவுண்டை வைத்து 5ஆம் காலை அளந்து, பிறகு 4ஐ அளங்கள்: அதில் ஏறத்தாழ பாதி வோல்ட் வர வேண்டும். வரவில்லை என்றால் அணைத்துவிட்டு 1, 2ஆம் கால்களின் இணைப்பைப் பாருங்கள். சரியாக வந்தால் ரெசிஸ்டரை எடுத்துவிட்டு ஸ்பீக்கரை இணைக்கலாம். 4 ஓமில் 6 வாட் வரை கிடைக்கும். அறைக்குள் வாசிக்க அதுவே அதிகம்.

ப்ரீஆம்ப்

டி.எல் 072 என்ற எட்டு கால் ஐசி. கரண்ட் ப்ளஸ்ஸில் இருந்து 100 ஓம் வழியாக 8ஆம் காலுக்கு, அங்கே கிரவுண்டுக்கு 470 மைக்ரோஃபாரட். 4ஆம் கால் கிரவுண்டு. இங்கேயும் 8ஆம் காலில் இருந்து இரண்டு 47 கிலோ ஓம் ரெசிஸ்டர்களால் பாதி வோல்ட் எடுத்து, 10 மைக்ரோஃபாரட்டால் கிரவுண்டோடு கட்டி, அந்தப் புள்ளியில் இருந்து 1 மெகா ஓம் வழியாக 3ஆம் காலுக்குக் கொடுங்கள். கிட்டார் ஜாக்கின் சிக்னல் 22 நானோஃபாரட் வழியாக அதே 3ஆம் காலுக்கு வருகிறது. நாம் தேடிய உயர்ந்த இன்புட் மின்தடை இதுதான்.

1க்கும் 2க்கும் நடுவே 100 கிலோ ஓம். 2இல் இருந்து 10 கிலோ ஓமும் 1 மைக்ரோஃபாரட்டும் தொடராகக் கிரவுண்டுக்கு. பெருக்கம் 11 மடங்கு. 1ஆம் காலில் இருந்து 1 மைக்ரோஃபாரட் வழியாக 10 கிலோ ஓம் வால்யூம் கண்ட்ரோலின் மேல் முனைக்கு. அதன் கீழ் முனை கிரவுண்டு, நடு முனை இன்னொரு 1 மைக்ரோஃபாரட் வழியாக டி.டி.ஏ-வின் 1ஆம் காலுக்கு. ஐசியின் மறு பாதி சும்மா இருக்கும்: 6ஐயும் 7ஐயும் சேர்த்து, 5ஐப் பாதி வோல்ட் புள்ளியில் கட்டுங்கள்.

வால்யூமை முழுதாகத் திருப்பினால் டி.டி.ஏ கிளிப் ஆகும், அதாவது சிக்னலின் உச்சிகள் வெட்டுப்படும். டிரான்சிஸ்டர் ஆம்ப்பின் இந்த முரட்டு உடைசல் எல்லாருக்கும் பிடிக்காது. கம்ப்யூட்டர் ஸ்பீக்கரின் தேய்த்த வழவழப்பைவிட எனக்கு அதுவே மேல்.

பெட்டியில் போடும்போது

கிரவுண்டு ஒயர்களை ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவ விடாமல் எல்லாவற்றையும் 5க்கும் 3க்கும் இடையே வைத்த 1000 மைக்ரோஃபாரட் கப்பாசிட்டரின் மைனஸ் முனையில் சேருங்கள். உம்ம்ம் என்ற ஹம் பெரும்பாலும் இதனால்தான் வரும். ஜாக்கில் இருந்து ப்ரீஆம்ப்புக்கு ஷீல்டு ஒயர், ஸ்பீக்கர் ஒயரைவிட்டு விலகி. ஆன் செய்ததும் விசில் அடித்தால் இந்த இரண்டும் பக்கத்தில் ஓடுகின்றன என்று அர்த்தம். பெட்டியின் பின்பக்கத்தைப் பாதி திறந்தே விடுங்கள், ஹீட் சிங்க்குக்கும் காற்று கிடைக்கும்.