எஞ்சின் போர் பெரிதானால் இழுவை கூடுமா? பழைய மெசி உழவு இயந்திரம் வைத்திருப்போருக்கு

காலபோகத்துக்குப் புழுதி உழவு தொடங்கும் ஆவணி, புரட்டாதியில் கிளிநொச்சி, முல்லைத்தீவுக் கராச்சுகளில் அடிக்கடி எழும் கேள்வி இது: சிலிண்டர்த் துளையின் விட்டமான போரைப் பெரிதாக்கினால் மெசின் (உழவு இயந்திரம்) கூட இழுக்குமா? கூடும்தான். எவ்வளவு கூடும் என்று முதலில் கணக்குப் பார்த்துவிட்டுக் காசைக் கொடுங்கள்.

மெசி 35இலும் 135இலும் இருக்கும் பேர்க்கின்ஸ் மூன்று சிலிண்டர் எஞ்சினின் போர் 3.6 அங்குலம் (91.4 மிமீ), ஸ்ட்ரோக் (பிஸ்ரன் ஏறியிறங்கும் தூரம்) 5 அங்குலம் (127 மிமீ). மொத்தக் கொள்ளளவு 2.5 லீற்றர். இதை 30 தௌ (ஒரு தௌ அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்கு) ஓவர்சைஸ் அடித்தால், அதாவது கடைந்து பெரிதாக்கினால், போர் 3.63 அங்குலம் ஆகும். பிஸ்ரனின் முகப்பரப்பு கூடுவது 1.7 வீதம் மட்டுமே. வயலில் அது கைக்குத் தெரியவே தெரியாது. போர் அடித்து வந்த மெசின் புதிதுபோல இழுப்பதற்குக் காரணம், தேய்ந்த லைனர் (சிலிண்டரின் உட்குழாய்) வழியே கசிந்துகொண்டிருந்த அமுக்கம் திரும்பக் கிடைத்ததுதான். புகழ் ஓவர்சைஸுக்குப் போய்விடுகிறது.

பெரிய போரின் உண்மையான சுகத்தைப் பார்க்க அமெரிக்காவின் பழைய ஜோன் டியர் 'டி' மாதிரியை எடுத்துக்கொள்ளலாம். இரண்டே சிலிண்டர். 1927க்குப் பிந்தியவற்றில் போர் 6.75 அங்குலம், ஸ்ட்ரோக் 7 அங்குலம், அதாவது 8.2 லீற்றர். பிந்திய மாதிரிகளில் சுற்று நிமிடத்துக்கு 900தான். வலு 40 குதிரையை அண்டியது. நம் 135உம் அந்த அளவுதான். வித்தியாசம் முறுக்குவிசையில், அதாவது அச்சைத் திருப்பும் பலத்தில், இருக்கிறது. குதிரைவலுவை 7120ஆல் பெருக்கிச் சுற்றால் வகுத்தால் முறுக்குவிசை நியூட்டன் மீற்றரில் வரும். 900 சுற்றில் 40 குதிரை என்றால் 316. நம் 135க்கு உச்சமே 160 அளவில்தான், அதுவும் 1300 சுற்றை அண்டி. பழைய மெசின்களுக்கு இழுவைப் போட்டி வைக்கும் நாடுகளில் இப்படிப்பட்ட கனத்த, மெதுவான எஞ்சின்களுக்கு இருக்கும் மவுசு இதனால்தான். பாரம் ஏற ஏறச் சத்தம் தடிக்கும், சுற்று கொஞ்சம் இறங்கும், பிறகு அந்த இடத்திலேயே நின்று இழுக்கும்.

போரை மட்டும் பார்த்து ஏமாறவும் கூடாது. மெசி 165இல் முதலில் வந்த 203 கன அங்குல எஞ்சினுக்கும் அதே 3.6 அங்குலப் போர்தான். பின்னால் வந்த 212இல் போர் 3.875 ஆனது, முகப்பரப்பு 16 வீதம் கூடியது. ஆனால் ஸ்ட்ரோக் 5இலிருந்து 4.5 அங்குலமாகக் குறைந்ததால் கொள்ளளவு கூடியது 4 வீதம்தான். பெரிய போரும் நீண்ட ஸ்ட்ரோக்கும் சேர்ந்தது 236இல்.

35க்கு நாலு சிலிண்டர் எஞ்சின் ஏற்ற நினைப்பவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். இந்த மெசினுக்குத் தனிச் சட்டம் இல்லை, எஞ்சினே சட்டம். நீளம் கூடினால் முன் அச்சு, ஸ்டியரிங் தடிகள், பொனெற் எல்லாம் மாற வேண்டும். கிளச்சும் பின்னச்சும் பழைய முறுக்குவிசைக்கு அளந்து செய்தவை. தாங்காதது அடுத்த போகத்தில் தெரியும்.

ஆகவே உள்ளதை முழுதாக வாங்குவதே லாபம். இந்த வரிசையில் பாருங்கள்.

முதலில் காற்று. 2.5 லீற்றர் எஞ்சின் 1500 சுற்றில் நிமிடத்துக்கு ஏறத்தாழ 1,850 லீற்றர் காற்றை இழுக்கும். நம் செங்கபில மண் காய்ந்த காலத்தில் அந்தக் காற்று பாதி புழுதி. எண்ணெய்த் தொட்டி எயார் கிளீனரைப் புழுதி உழவுக் காலத்தில் தினமும் கழற்றி, அடியில் சேறு படிந்திருந்தால் கழுவி, எஞ்சினுக்கு விடும் அதே எண்ணெயைக் கோடு மட்டத்துக்கு விடுங்கள். கோட்டுக்கு மேல் விட்டால் எஞ்சின் அந்த எண்ணெயையே உறிஞ்சி, நிறுத்தினாலும் நிற்காமல் ஓடும் ஆபத்து உண்டு. குழாயின் ரப்பர் இணைப்பில் ஒரு வெடிப்பு இருந்தால் கிளீனர் இருந்தும் பயனில்லை. லைனர் ஒரே போகத்தில் தேய்வது பெரும்பாலும் அந்த வெடிப்பால்தான்.

அடுத்து டீசல். பில்ரரை மாற்றி, காற்றை எடுத்துவிட்டு, ஐட்லிங்கில் ஒவ்வொரு நொசிலின் (டீசல் பீச்சும் முனை) குழாய் நட்டையும் ஒன்றன்பின் ஒன்றாகச் சற்றுத் தளர்த்துங்கள். சுற்று விழாத சிலிண்டர் வேலை செய்யாத சிலிண்டர். கையை அருகே கொண்டுபோக வேண்டாம். அந்த அழுத்தத்தில் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். பிறகு வால்வு இடைவெளி: எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது 12 தௌ, சூட்டில் 10.

இவையெல்லாம் சரியாக இருந்தும் பாரத்தில் சுற்று விழுந்துகொண்டே போய், பிறீதர் குழாயில் (எஞ்சினின் மூச்சுக் குழாய்) புகை தள்ளினால் அப்போது போரைத் திறக்கலாம். லைனரை மேல், நடு, அடி என மூன்று மட்டத்தில், நீள்வாக்கிலும் குறுக்காகவும் அளவுங்கள். தேய்வு அதிகம் இருப்பது பிஸ்ரனின் மேல் ரிங் (வளையம்) நின்று திரும்பும் இடத்தில். வித்தியாசம் 0.20 மிமீ, அதாவது 8 தௌ தாண்டினால் ரிங் மட்டும் மாற்றுவது காசைக் கரைப்பது. 30 தௌ வரை ஓவர்சைஸ் பிஸ்ரன் கிடைக்கும். அதற்கு மேல் லைனரையே மாற்றுங்கள். மெல்லியதான சுவர் சூட்டில் வட்டம் இழக்கும். ரிங் இடைவெளி போரின் ஒவ்வோர் அங்குலத்துக்கும் 3 முதல் 4 தௌ. இந்த எஞ்சினுக்கு 11 முதல் 14. ரிங்கைத் தனியே போரில் போட்டு, பிஸ்ரனால் நேராகத் தள்ளிவிட்டு அளக்க வேண்டும், சாய்ந்த ரிங் பொய் சொல்லும்.

போர் அடித்து வந்ததும் "பத்து நாள் சும்மா ஐட்லிங்கில் ஓடவிடு" என்று சொல்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அது பழுது. பாரம் இல்லாமல் ஓடினால் ரிங் சுவரில் படியாது, ஹோன் கீறல்கள் (எண்ணெய் பிடிக்கச் சுவரில் போட்ட நுண்கோடுகள்) கண்ணாடிபோல வழுக்கி, பிறகு ஆயுள் முழுக்க எண்ணெய் குடிக்கும். முதல் இருபது மணித்தியாலம் நடுத்தரப் பாரத்தில், சுற்றை மாற்றி மாற்றி ஓட்டுங்கள். மேலோட்டமான உழவு போதும். 50 மணிக்குள் எண்ணெயை மாற்றுங்கள்.

இன்னொரு குறுக்குவழி, பம்பின் சீலை உடைத்து டீசலைக் கூட்டுவது. கறுப்புப் புகை வந்தால் அது எரியாத டீசல், வலு அல்ல. கூடும் சூடு பிஸ்ரன் தலையையும் ஹெட் கஸ்கற்றையும் (சிலிண்டர் மூடியின் அடைப்புத் தகடு) தின்னும்.

இனி வயலில் கையுணர்வு. உழும்போது திறொட்டிலை 1500 சுற்றில் வைத்துக் கொழுவை இறக்குங்கள். நல்ல எஞ்சின் 1300க்கு இறங்கி அங்கே நிற்கும். 1100க்குக் கீழே விழுந்தும் இழுக்க விட்டால் பெயரிங்கும் ரிங்கும் அடி வாங்கும். கியரை ஒன்று இறக்குங்கள், அல்லது கொழுவை ஓரங்குலம் தூக்குங்கள்.

எஞ்சின் இழுத்தும் மெசின் நகரவில்லை என்றால் குற்றம் சில்லில். பின் ரயரில் சுண்ணாம்புக் கோடு போட்டு, உழாமல் பத்துச் சுற்று ஓட்டித் தூரத்தை அளவுங்கள். பிறகு உழுதுகொண்டே பத்துச் சுற்று. 39 மீற்றர் 33 ஆனால் வழுக்கல் 15 வீதம். காய்ந்த மண்ணில் அதற்கு மேல் போனால் ரயரின் முக்கால் பங்குக்குத் தண்ணீர் விடலாம்; 12.4-28 ரயருக்கு 150 லீற்றர் அளவில் பிடிக்கும். சேற்றடிப்புக்கு முன் அதை இறக்கிவிடுங்கள், இரணைமடுக் குளத்தின் கீழுள்ள வயல்களில் தண்ணீர் ரயரோடு இறங்கினால் அச்சு வரை புதையும்.

புதைந்த மெசினை எடுக்கும்போதுதான் இழுவை ஆளைக் கொல்லும். சங்கிலியை எப்போதும் பின்னச்சுக்குக் கீழே உள்ள ட்ரோபாரில் (இழுவைச் சட்டம்) மட்டும் மாட்டுங்கள். மேல் லிங்கிலோ (கலப்பையின் மேல் பிணைப்பு) அச்சிலோ மாட்டினால் சில்லு பிடித்த நொடியில் முன்பக்கம் எழும்பி ஓட்டுபவர் மேல் கவிழும். சில்லில் பனங்குற்றி கட்டி ஏற முயல்வதும் அதே ஆபத்து: குற்றி மண்ணில் இறுகி சில்லு நின்றுவிட, எஞ்சின் மெசினையே அச்சைச் சுற்றித் தூக்கும். முதலில் சில்லின் பின்னால் வெட்டிவிட்டு, பின்னோக்கி எடுத்துப் பாருங்கள். வராவிட்டால் இன்னொரு மெசினைக் கூப்பிட்டு, நீளமான சங்கிலியால், தாழ்ந்த கியரில் இழுங்கள்.