பிரெஞ்சும் கணினியும் சேர்த்துப் படிக்க: கிருஷ்ணகிரி மாணவர்களுக்கு ஒரு செய்முறை

பிளஸ் டூ தேர்வு முடிந்த வாரம் எதிர் வீட்டுப் பையன் வந்து நின்றான். "அக்கா, கணினியையும் பிரெஞ்சையும் ஒரே பட்டமாகப் படிக்க முடியுமா?" முடியும் என்று நான் சொல்வதற்குள் அவன் அம்மா, "பிரெஞ்சு படித்து இவன் கிருஷ்ணகிரியில் யாரிடம் பேசப் போகிறான்?" என்று கேட்டுவிட்டார். நின்றபடியே பதில் சொல்லக்கூடிய கேள்வியாக அது இல்லை. ஆகவே எழுதுகிறேன்.

பிரிட்டனிலும் அயர்லாந்திலும் கணினியையும் ஒரு மொழியையும் இணைத்து ஒரே பட்டமாகத் தருகிறார்கள். பெரும்பாலும் நான்கு ஆண்டு. அதில் ஓர் ஆண்டை அந்த மொழி பேசும் நாட்டில் கழிக்க வேண்டும். அதே பெயரில் ஒரு படிப்பை நம் பக்கம் தேடி அலைய வேண்டாம். துணி எடுத்து நாமே தைத்துக்கொள்ளலாம்.

முதல் படி: பட்டம் கணினியில்

பி.சி.ஏ. அல்லது பி.எஸ்சி. கணினி அறிவியல் என்று சேருங்கள். மொழி குறைந்தது என்பதால் இப்படிச் சொல்லவில்லை. பிரெஞ்சு எவ்வளவு தெரியும் என்பதைக் கல்லூரிக்கு வெளியே தேர்வு எழுதி நிரூபிக்க உலகம் முழுவதும் ஏற்கும் வழி இருக்கிறது. கணினிக்கு அவ்வளவு எளிதான மாற்றுவழி இல்லை.

இரண்டாம் படி: பகுதி ஒன்றை விசாரியுங்கள்

தமிழ்நாட்டுக் கலை அறிவியல் கல்லூரிகளில் பகுதி 1 மொழிப்பாடம், பகுதி 2 ஆங்கிலம், பகுதி 3 முதன்மைப் பாடம். பகுதி 1-இல் தமிழுக்குப் பதிலாகப் பிரெஞ்சு எடுக்கச் சில கல்லூரிகள் அனுமதிக்கின்றன. கையேட்டில் அச்சாகியிருப்பதை மட்டும் நம்பிப் பணம் கட்டிவிடாதீர்கள். ஆசிரியர் இப்போது பணியில் இருக்கிறாரா, சென்ற ஆண்டு எத்தனை பேர் எடுத்தார்கள் என்று கேளுங்கள். நான் சேர்ந்த இடத்தில் பிரெஞ்சு கேட்டவர்கள் நான்கே பேர். இரண்டாம் வாரமே எங்களைத் தமிழ் வகுப்புக்கு அனுப்பிவிட்டார்கள். தமிழ் வகுப்பு அருமையாக இருந்தது, அது வேறு கதை.

மூன்றாம் படி: டெல்ஃப்

பகுதி ஒன்றில் பிரெஞ்சு எடுத்து நூற்றுக்கு நூறு வாங்கிய பலருக்குப் பாரிஸில் ஒரு டீ கேட்டு வாங்கத் தெரியாது. உங்கள் இலக்கு டெல்ஃப் தேர்வாக இருக்கட்டும். பிரெஞ்சு மொழித் திறனுக்குப் பிரான்ஸ் கல்வி அமைச்சகம் சான்றிதழ் தரும் தேர்வு அது. ஏ1, ஏ2, பி1, பி2 என நான்கு நிலைகள். ஒவ்வொன்றிலும் கேட்டல், படித்தல், எழுதுதல், பேசுதல் நான்குக்கும் தலா 25 மதிப்பெண். மொத்தம் 50 எடுத்தால் தேர்ச்சி, ஆனால் எந்தப் பிரிவிலும் 5-க்குக் கீழே போகக் கூடாது. சான்றிதழ் காலாவதி ஆவதில்லை.

வகுப்புக்கு அலியான்ஸ் ஃபிரான்சேஸ் என்ற பிரெஞ்சு மொழி மையம் சென்னையிலும் இருக்கிறது, பெங்களூருவிலும் இருக்கிறது. நமக்குப் பெங்களூருதான் பக்கம். ஆனாலும் ஓசூர் தாண்டியதும் வரும் நெரிசலை வாரம் இருமுறை தாங்குவது கடினம். முதல் இரண்டு நிலைகளை இணைய வகுப்பிலேயே முடித்துவிடலாம் என்பது என் கருத்து. பிரெஞ்சில் பட்டமே வேண்டும் என்பவர்களுக்கும் வழி உண்டு: ஒரே நேரத்தில் இரண்டு பட்டம் படிக்கலாம் என்று 2022-இல் பல்கலைக்கழக மானியக் குழு அனுமதித்தது. ஒன்று நேரடி வகுப்பாகவும் மற்றொன்று தொலைநிலைக் கல்வியாகவும் இருக்கலாம்.

பி2 வரை போக ஏறத்தாழ 600 மணி நேரம் ஆகும். நாளுக்கு ஒரு மணி நேரம் என்றால் இரண்டு ஆண்டுக்குள் முடியும். செமஸ்டர் தேர்வு வருகிறது என்று பிரெஞ்சை இரண்டு மாதம் மூட்டை கட்டி வைத்தேன். திரும்ப வந்தபோது வினைச்சொற்கள் எல்லாம் ஊரைக் காலி செய்திருந்தன. தேர்வுக் காலத்திலும் பத்து நிமிடமாவது காதில் விழட்டும்.

நான்காம் படி: இரண்டையும் மோதவிடுங்கள்

இதைச் செய்யாவிட்டால் இரண்டு பாடமும் ஒரு வீட்டில் இரண்டு அடுப்பாகவே இருக்கும்.

பைத்தான் என்ற நிரல் மொழியில் முதல் பயிற்சி: 0 முதல் 99 வரை எண்ணைக் கொடுத்தால் பிரெஞ்சுச் சொல்லைத் தரும் நிரல். பிரெஞ்சில் 70 என்பது 'அறுபது-பத்து', 80 'நான்கு-இருபது', 90 'நான்கு-இருபது-பத்து'. 71-இல் 'அறுபதும் பதினொன்றும்' என்பதுபோல நடுவே ஓர் 'உம்' வரும், 81-இல் வராது. 80-ஐ எழுதும்போது கடைசியில் ஓர் 'எஸ்' உண்டு. பின்னால் வேறு எண் ஒட்டினால் அது விழுந்துவிடும். நிபந்தனைக் கட்டளைகளைப் பழக இதைவிட நல்ல கணக்கு எனக்குத் தெரியவில்லை. சிரிப்பு வந்தால் அதே நிரலைத் தமிழுக்கு எழுதிப் பாருங்கள். எண்பதுக்கு அடுத்து, 'நூறு' என்று முடியும் தொண்ணூறு ஏன் வருகிறது என்று கணினிக்குப் புரியவைக்கும்போது பிரெஞ்சுக்காரர்கள்மேல் இரக்கம் பிறக்கும்.

இரண்டாவது பயிற்சி எழுத்துகளைப் பற்றியது. 'கஃபே' (café) என்ற பிரெஞ்சுச் சொல்லின் கடைசி எழுத்தில், 'e'யின் தலையில் ஒரு சாய்கோடு இருக்கும். எல்லா மொழி எழுத்துகளுக்கும் கணினியில் எண் தரும் பொதுக் குறியீட்டு முறையான யூனிகோடில் அதைக் கோட்டோடு சேர்ந்த ஒரே குறியீடாகவும் சேமிக்கலாம், எழுத்து தனி, கோடு தனி என்று இரண்டாகவும் சேமிக்கலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. முழுச் சொல்லின் நீளத்தைக் கேட்டால் பைத்தான் ஒன்றுக்கு 4 என்றும் மற்றதற்கு 5 என்றும் சொல்லும். இரண்டும் சமமா என்றால் இல்லை என்னும். தமிழிலும் இதே வம்பு. 'கோ' என்பதைக் ககரம், ஓகாரக் குறி என்று இரண்டு குறியீடுகளில் எழுதலாம். அந்தக் குறியை இரட்டைக்கொம்பு, கால் என்று பிரித்தால் மூன்று. ஒப்பிடும் முன் இரண்டையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவர வேண்டும். யூனிகோடுக்கு முந்தைய பாமினி எழுத்துருவோடு போராடிய தலைமுறையின் பிள்ளைகளுக்கு இது உடனே விளங்கும்.

இன்னொன்று, பிரெஞ்சில் தசமப் புள்ளிக்குப் பதில் காற்புள்ளி. 12.50 அங்கே 12,50. அதனால் அவர்களின் அட்டவணைக் கோப்புகளில் நெடுவரிசைகளை அரைப்புள்ளியால் பிரிப்பது வழக்கம். இது தெரியாமல் ஒரு கோப்பைத் திறந்து, எல்லா எண்களும் இரண்டாக உடைந்ததைப் பார்த்து ஒரு மாலை முழுவதும் என் நிரலையே சந்தேகித்துக்கொண்டிருந்தேன்.

கலைச்சொற்களைப் பிரெஞ்சிலேயே கற்றுக்கொள்ளுங்கள். ஆங்கிலத்தைக் கடன் வாங்காமல் அவர்கள் 1955-இல் கணினிக்கு 'ஓர்தினாத்தர்' என்றும் 1962-இல் கணினியியலுக்கு 'ஆன்ஃபோர்மாத்திக்' என்றும் சொல் ஆக்கிக்கொண்டார்கள். புரோலாக் என்ற நிரல் மொழி 1972-இல் மார்சேய் நகரில் பிறந்தது. பெயரின் பொருளே பிரெஞ்சில் 'தர்க்கத்தில் நிரலாக்கம்'.

எதிர் வீட்டு அம்மாவுக்கு

கேப்ஜெமினி என்ற கணினிச் சேவை நிறுவனம், சொசியேத்தே ஜெனரால் என்ற வங்கி போன்ற பிரெஞ்சு நிறுவனங்களுக்குப் பெங்களூருவில் அலுவலகங்கள் உண்டு. அங்கே அன்றாட வேலை பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் நடக்கும், மறைக்கவில்லை. கணினியில் கை தேர்ந்தவனுக்குத்தான் பிரெஞ்சு கூடுதல் பலம். மேற்படிப்புக்குப் பிரான்ஸ் போக நினைத்தால், ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வரும் இளநிலை மாணவருக்கு அரசுப் பல்கலைக்கழகக் கட்டணத்தை 2019-இல் ஆண்டுக்கு 2,770 யூரோவாக வைத்தார்கள். பிறகு கொஞ்சம் ஏறியிருக்கிறது. பிரெஞ்சு வழிப் படிப்புக்குப் பொதுவாகப் பி2 கேட்பார்கள்.

யாரிடம் பேசுவான் என்று கேட்டீர்களே அம்மா, நீங்கள் வீட்டில் தெலுங்கு, தெருவில் தமிழ், ஓசூர்ச் சந்தையில் கன்னடம் பேசுகிறீர்கள். அவனுக்கு இது நான்காவதோ ஐந்தாவதோ. திங்கட்கிழமை மாலை மடிக்கணினியோடு அனுப்பிவையுங்கள், 70-லிருந்து தொடங்குகிறோம்.