கடல்நீர் மீன்தொட்டியோடு வீடு மாறும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

வீடு மாறும் கையோடு பெரிய தொட்டிக்கும் மாறிவிடலாம் என்று நினைப்பதில் தப்பில்லை. மீன்களுக்கும் ஒரே அலைச்சலோடு போகும். புதுத் தொட்டியை எப்போது நிறுத்துவது என்பதில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். சாமான்களோடு அதையும் ஏற்றிப்போய், மீன்கள் வாளியில் தவிக்க, ஸ்டாண்டைப் பூட்டி, மட்டம் பார்த்து, உப்புக் கரைத்து முடித்தபின் மூலையில் கசிவு தெரிந்தால் என்ன செய்வீர்கள்?

சாவி கைக்கு வந்ததும் புது வீட்டுக்குள் முதலில் போக வேண்டியது தொட்டிதான். சாதாரணத் தண்ணீர் நிரப்பி ஓரிரு நாள் கசிவு இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு அதை வடித்துவிட்டு, ஆர்ஓ டிஐ தண்ணீரில் (கரைந்த தாதுக்களை நீக்கிச் சுத்திகரித்த தண்ணீர்) உப்பைக் கலந்து, பம்ப்பும் ஹீட்டரும் போட்டு ஒரு நாளாவது சுழலவிடுங்கள். பொதுவாக, உப்புச் செறிவைக் காட்டும் ஒப்படர்த்தி 1.025, வெப்பநிலை 25 டிகிரியை ஒட்டி. ஆனால் மீன்கள் வந்திறங்கும்போது பழைய தொட்டித் தண்ணீரின் உப்போடும் வெப்பத்தோடும் அது பொருந்துகிறதா என்பதே முக்கியம்.

எடைக் கணக்கை மறந்துவிடாதீர்கள். 400 லிட்டர் கடல்நீர் மட்டுமே 400 கிலோவைத் தாண்டும். கல், மணல், கண்ணாடி, ஸ்டாண்ட் எல்லாம் சேர்ந்தால் அரை டன்னுக்கு மேல். மாடி வீடு என்றால் தரை தாங்குமா என்று கட்டடப் பொறியாளரிடம் கேட்டுவிடுங்கள். வாடகை வீடா? ஒப்பந்தத்தையும் ஒருமுறை படித்துவிடுங்கள்.

பழைய தண்ணீரைச் சொட்டு விடாமல் கொண்டுபோக மெனக்கெடுகிறவர்கள், லைவ் ராக்கை (பாக்டீரியாக்களும் சிற்றுயிர்களும் குடியிருக்கும் கல்லை) வெறும் அட்டைப்பெட்டியில் போடுவதைப் பார்த்தால் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றும். கழிவை முறிக்கும் பாக்டீரியாக்கள் பெரும்பாலும் தண்ணீரில் இல்லை, கல்லின் பரப்பிலும் துளைகளிலும்தான் ஒட்டி வாழ்கின்றன. கல் காய்ந்தால் அதிலுள்ள உயிர்கள் செத்து அழுகி, மீன்களுக்கு நஞ்சான அம்மோனியாவாகத் திரும்பி வரும். கல்லை உப்புநீரில் மூழ்கவைத்தே கொண்டுபோங்கள்.

மணல் விஷயம் நேர் எதிர். பல வருடம் கிளறாத மணலின் அடியில் கழிவு தேங்கியிருக்கும். பிராணவாயு எட்டாத கறுத்த அடுக்கில் அழுகிய முட்டை நாற்றமடிக்கும் ஹைட்ரஜன் சல்பைடும் இருக்கலாம். அதை அப்படியே அள்ளிப் புதுத் தொட்டியில் கொட்டுவதுதான், என் கணக்கில், மீன்களைக் கொல்ல மிகச் சுலபமான வழி. புது மணல் வாங்கிவிடுங்கள். மனசு கேட்காவிட்டால், மேல்பரப்பிலிருந்து ஒரு கோப்பை மட்டும் எடுத்துப் புது மணலில் தூவுங்கள்.

காலி செய்யும்போதும் வரிசை உண்டு. எதையும் கலக்குவதற்கு முன்பே தெளிந்த தண்ணீரை வாளிகளில் எடுத்து வையுங்கள். அடுத்து பவளங்கள், பிறகு கற்கள். கற்கள் போய்விட்டால் மீன்களை விரட்டிப் பிடிக்க வேண்டியிருக்காது. கல் பொந்துக்குள் சின்ன மீன் ஒளிந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டே தூக்குங்கள். முந்தைய நாள் தீனி வேண்டாம். மீன்களைத் தனித்தனியாக, மூடியுள்ள வாளிகளில், பேட்டரி ஏர்பம்ப்போடு ஏற்றுங்கள். பழைய தொட்டியை மணலோடு தூக்காதீர்கள், சிலிக்கான் ஒட்டு விட்டுவிடும்.

சம்ப் (கீழே வைக்கும் வடிகட்டும் தொட்டி) வைத்த தொட்டி என்றால், மீன்கள் வரும் முன்பே, தண்ணீரை மேலே திருப்பி ஏற்றும் ரிட்டர்ன் பம்ப்பை வேண்டுமென்றே அணைத்துப் பாருங்கள். மேலிருந்து இறங்கும் தண்ணீர் முழுவதையும் சம்ப் கொள்ள வேண்டும். இல்லையென்றால் முதல் மின்வெட்டிலேயே கீழ்வீட்டுக்காரரின் அறிமுகம் கிடைத்துவிடும்.

புது எல்ஈடி விளக்கை முதல் நாளே முழு வெளிச்சத்தில் எரியவிடுவது பவளங்களுக்கு ஆகாது, வெளுத்துப்போகும். குறைவாகத் தொடங்கி, சில வாரங்களில் மெல்ல ஏற்றுங்கள்.

இடம் பெருகியதும் கை பரபரக்கும்: இன்னும் நாலு மீன் விடலாமே! பாக்டீரியாக்களின் எண்ணிக்கை இன்னும் பழைய மீன்களின் கழிவுக்கு ஏற்ற அளவில்தான் இருக்கிறது. போதாததற்குப் பயணத்தில் அதிலும் கொஞ்சம் அழிந்திருக்கும். முதல் இரண்டு வாரம் தீனியைக் குறைத்து, தினமும் அம்மோனியா சோதித்துப் பாருங்கள். தொட்டியின் கொள்ளளவில் கால் பங்கு உப்புநீர் கலந்து தயாராக இருந்தால், அளவு ஏறும் அன்றே தண்ணீர் மாற்றிவிடலாம்.